உடலை உறைநிலையில் வைக்கச் சித்தப்பா விரும்புகிறார். சட்டம் எங்கே குறுக்கே நிற்கும்?

கேள்வி: பதிவிட்டவர், வளவுத் தூண்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், என் தந்தையாரின் தம்பிக்கு இப்போது 71 வயது. சிங்கப்பூரில் குளிர்பதனத் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் மனைவி, எங்கள் ஆச்சி, காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற தீபாவளிக்குப் பிறகு அவருக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரியவந்தது. இனி நாட்களைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

தாம் இறந்தபின் உடலை எரிக்கக்கூடாது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1976-இல் தொடங்கப்பட்ட கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் உடலை வைத்திருந்து, என்றாவது மருத்துவம் வளர்ந்தால் எழுப்பலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படி எழுந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை என்பது சித்தப்பாவுக்கு நன்றாகவே தெரியும். "எரித்தால் நிச்சயம் இல்லை, உறைய வைத்தால் அநேகமாக இல்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த 'அநேகமாக'வுக்குத்தான் நான் பணம் கட்டுகிறேன்" என்கிறார்.

நம் பக்கத்தில் சிங்கப்பூர், மலேசியாப் பிள்ளைகள் வந்து சேரும் வரை உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதையே கொஞ்சம் நீட்டிப்பதுதானே என்று நான் கேட்டபோது, தொழில்காரருக்கு உரிய கோபம் அவருக்கு வந்துவிட்டது. அந்தப் பெட்டி உடல் அழுகுவதைச் சில நாள் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. அதற்காக வெறுமனே உறைய வைத்தால் உடம்பிலுள்ள நீர் பனிப் படிகமாகித் திசுவைக் கிழித்துவிடும். ஆகவே இரத்தத்தை வெளியேற்றி உறைதடுப்புக் கரைசலை ஏற்றி, படிகமே உண்டாகாமல் கண்ணாடிபோல் இறுகச் செய்ய வேண்டும். இதெல்லாம் இதயம் நின்ற உடனே தொடங்க வேண்டிய வேலை என்று பட்டாலையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினார்.

சிக்கல் குடும்பத்திற்குள்தான் இருக்கிறது. அவருக்கு ஒரே மகள். ஆண் வாரிசு இல்லாததால், நம் நகரத்தார் வழக்கப்படி இருபது ஆண்டுகளுக்கு முன் பங்காளி வீட்டிலிருந்து, திருமணமாகிக் குழந்தையும் இருந்த ஒருவரைப் பிள்ளை கூட்டிக்கொண்டார், அதாவது தத்தெடுத்தார். அந்தத் தம்பி தங்கமானவர். மருத்துவச் செலவு முழுவதையும் அவர்தான் பார்க்கிறார். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே, "கொள்ளி வைக்கத்தானே என்னைக் கூட்டி வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார். மகளோ அப்பாவின் விருப்பம் நிறைவேறட்டும் என்கிறார்.

இந்தியாவில் இதற்குத் தடை உண்டா, உயிலில் எழுதி வைத்தால் அது பிள்ளைகளைக் கட்டுப்படுத்துமா, பணத்தை எப்படி அனுப்புவது, உடல் நாட்டை விட்டு வெளியேற என்னென்ன வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இது நடக்குமா நடக்காதா என்ற விஞ்ஞான விவாதத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பதில் 1: தேவகோட்டை வழக்கறிஞர்

நேரடியாகச் சொல்கிறேன். இந்தியாவில் இதைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இத்தகைய ஏற்பாட்டை விற்பதற்கே சட்டத் தடை உண்டு. பிரான்சில் அடக்கம் அல்லது தகனம் என்ற இரண்டு வழிகள்தான் அனுமதிக்கப்பட்டவை. அங்கே மார்ட்டினோ என்ற மருத்துவர் 1984-இல் இறந்த மனைவியைத் தம் மாளிகையின் நிலவறையில் உறைபெட்டியில் வைத்திருந்தார். 2002-இல் அவரும் இறந்தபோது மகன் அவரையும் அப்படியே வைத்தார். வழக்கு உயர்நிலை நிர்வாக நீதிமன்றம் வரை சென்று 2006-இல் மகன் தோற்றார். அதே ஆண்டு பெட்டி பழுதாகி, இரு உடல்களையும் எரிக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் அந்த அளவுக்குக்கூடச் சட்டம் இதைப் பற்றி யோசிக்கவில்லை. தடை இல்லை என்பதால் வழி திறந்திருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவர், காவல் நிலையம், பஞ்சாயத்து, விமான நிறுவனம், சுங்கம் என்று வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு தாளைக் கேட்பார்கள். அந்தத் தாள் எதிலும் இப்படியொரு காரியத்திற்கான கட்டம் இருக்காது. அலுவலர் மறுப்பதற்குச் சட்டம் தேவையில்லை, தயங்குவதே போதும். உங்கள் சித்தப்பாவின் வேலை சில மணி நேரத்திற்குள் முடிய வேண்டியது.

இனி உயில். இறந்த உடல் யாருடைய சொத்தும் அல்ல என்பது பழைய சட்டக் கொள்கை. சொத்து அல்லாததை உயிலில் ஒருவருக்கு எழுதிவைக்க இயலாது. உடலைப் பற்றிய விருப்பத்தை உயிலில் எழுதினால், அது மதிப்புக்குரிய வேண்டுகோளாக நிற்குமே தவிர வாரிசுகளைக் கட்டாயப்படுத்தும் ஆணையாக நிற்காது. அதைவிட முக்கியம், நம் ஊரில் உயிலை எப்போது எடுக்கிறோம் என்பது. காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவினர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் பெட்டகத்தைத் திறந்து படிப்பதுதான் வழக்கம். அதற்குள் சாம்பல் கரைக்கப்பட்டிருக்கும்.

அமெரிக்க அமைப்புகள் அங்குள்ள உடற்கொடைச் சட்டத்தின் கீழ், இறப்பவரே தம் உடலைக் கொடையாக எழுதிக்கொடுக்கும் முறையைப் பயன்படுத்துகின்றன. அந்தச் சட்டத்தின் பலத்தால்தான் 2010-இல் அயோவா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒருவர் ஒப்பந்தம் செய்திருந்தும் உடன்பிறந்தவர்கள் அவரைப் புதைத்துவிட்ட வழக்கில், உடலைத் தோண்டியெடுத்து ஆல்கார் என்ற மற்றொரு உறைவைப்பு அமைப்பிடம் ஒப்படைக்க வழிசெய்தது. நமக்கு உள்ள 1951-ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டம் அங்கீகாரம் பெற்ற மருத்துவக் கல்வி நிறுவனங்களுக்கு உடல் கொடுப்பதற்கானது. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இன் நோக்கம் சிகிச்சை. இரண்டிலும் மிச்சிகனுக்கு இடமில்லை. உள்ளூர் மருத்துவக் கல்லூரிக்கு முறையாக உடற்கொடை எழுதிக் கொடுத்தவர் விஷயத்திலேயே, இறந்த பின் குடும்பத்தார் மறுத்தால் கல்லூரி உடலை வாங்க வருவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இந்தியாவில் ஓரளவு பொருந்தும் தீர்ப்பு ஒன்றே ஒன்று எனக்குத் தெரிந்து உண்டு. பஞ்சாபின் நூர்மகலில் ஆசிரமம் நடத்திய ஆசுதோஷ் மகராஜ் 2014 ஜனவரியில் மருத்துவரீதியாக இறந்ததாக அறிவிக்கப்பட்டார். அவர் சமாதி நிலையில் இருக்கிறார் என்று சொல்லிச் சீடர்கள் உடலை உறைபெட்டியில் வைத்தார்கள். மகன் என்று உரிமை கோரிய ஒருவர் தகனம் செய்யக் கேட்டு வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் தனி நீதிபதி எரிக்க உத்தரவிட்டார்; 2017 ஜூலையில் பஞ்சாப், ஹரியானா உயர்நீதிமன்ற அமர்வு அதை ரத்துசெய்து, உடலைப் பாதுகாக்க அனுமதித்தது. உங்களுக்கு அது வாதமாகப் பயன்படும். ஆனால் நம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அது கட்டுப்படுத்தாது. அங்கே உடலைக் கையில் வைத்திருந்த தரப்பும் வென்ற தரப்பும் ஒன்றே என்பதையும் கவனியுங்கள்.

பணம் பற்றி: மிச்சிகன் அமைப்பின் கட்டணம் வாழ்நாள் உறுப்பினருக்கு 28,000 டாலர், போக்குவரத்து தனி. உயிரோடு இருக்கும்போது ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் அனுப்பலாம். பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும்போது வங்கி மூலத்திலேயே வரி பிடிக்கும். அதைக் கணக்குத் தாக்கலில் சரிக்கட்டலாம். இறந்தபின் அனுப்பலாம் என்று விட்டால் கணக்கு முடங்கிவிடும். காப்பீட்டிலோ வைப்புத்தொகையிலோ நாமினி போட்டுவிட்டால் போதும் என்பதும் தவறு. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவரே என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் காப்பீட்டுக்கும் (2015 சட்டத் திருத்தத்திற்குப் பின், காப்பீட்டில் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியானால் இது பொருந்தாது), 2023-இல் பங்குப் பத்திரங்களுக்கும் சொல்லியிருக்கிறது.

எழுந்து வந்தால் செலவுக்கு வேண்டுமே என்று சிலர் சொத்தை முடக்கி வைக்கக் கேட்பதுண்டு. உங்கள் சித்தப்பாவும் கேட்டால், ஆகாது என்று சொல்லிவிடுங்கள். இன்று உயிரோடு இருப்பவர்களின் ஆயுளும் அதற்குமேல் ஒரு மைனர் வயது நிறையும் காலமும் கடந்து சொத்துரிமையைத் தள்ளிப்போட முடியாது என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. இறப்புச் சான்று எழுதப்பட்ட நொடியில் அவர் சட்டத்தின் கண்ணில் ஆள் அல்ல. அவர் பங்கு வீடு உட்பட அனைத்தும் வாரிசுகளுக்குப் போய்விடும். நூறு ஆண்டு கழித்து வந்து முகப்பில் நின்று கேட்டாலும் திரும்பாது.

ஆகவே கூட்டிய பிள்ளையின் கையெழுத்துதான் இங்கே எல்லாம். சட்டப்படி அவர் பெற்ற மகனுக்குச் சமமானவர். அவரும் மகளும் சேர்ந்து, தந்தை உயிரோடு இருக்கும்போதே, உடலை இன்னாரிடம் ஒப்படைக்கச் சம்மதம் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் சான்று பெறட்டும். அதையும் அவர் பின்னால் மீறலாம். மீறினால் நீதிமன்றம் செல்ல நேரம் இருக்காது. ஆனால் மனம் ஒப்பிக் கையெழுத்திட்டவர் மீறுவது அரிது என்பது என் தொழில் அனுபவம்.

பதில் 2: ஓய்வுபெற்ற அரசு மருத்துவர், சிவகங்கை மாவட்டம்

வழக்கறிஞர் ஐயா சொன்னதற்கு முன்னால் நிற்கும் ஒரு கட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். உறைய வைக்கும் வேலை, மரணம் அறிவிக்கப்பட்ட பிறகே தொடங்கலாம். நினைவு தப்புவதற்கு முன் முந்திக்கொள்ளலாமா என்று உங்கள் சித்தப்பா கேட்டால், கலிபோர்னியாவில் மூளைக் கட்டி இருந்த டொனால்ட்சன் என்ற கணித அறிஞர் அதே அனுமதியைக் கேட்டு 1992-இல் தோற்றதைச் சொல்லுங்கள். இங்கே அப்படி உதவுபவர்மீது தற்கொலைக்குத் தூண்டியதாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-ஆம் பிரிவு பாயலாம்.

சட்டத்திற்கு உட்பட்ட வழி, தேவையற்ற செயற்கை உயிர்காப்பை மறுக்கும் முன்விருப்ப ஆவணம். 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியதால் இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அலுவலரின் சான்று பெற்றால் போதும். அப்போதும் மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். வீட்டில் இறப்பதே இவருக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இறந்தால் கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவர் 4ஏ படிவத்தில் மரணக் காரணம் எழுதித்தர வேண்டும். பல மருத்துவர்கள் இரண்டு மாதமாகப் பார்க்காத நோயாளிக்கு எழுதத் தயங்குவார்கள். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அவர் வீட்டுக்கு வந்து பார்த்துக் குறிப்பு எழுதிவைக்க ஏற்பாடு செய்யுங்கள். இது சிறிய விஷயம் போலத் தோன்றும். சான்று இல்லாமல், வீட்டில் ஐஸ் கட்டிகளும் ஊசிகளும் கிடக்க, வாரிசுகளுக்குள் சண்டையும் இருக்கிறது என்று யாராவது காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொன்னால், சந்தேக மரணமாக வழக்குப் பதிந்து உடற்கூறாய்வுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே மண்டையோட்டைத் திறந்து மூளையை எடுத்து அறுத்துப் பார்ப்பார்கள். எதைக் காப்பாற்ற இத்தனை பாடோ அது அங்கேயே முடிந்துவிடும்.

இரத்தம் கட்டாமலிருக்க ஹெபாரின் செலுத்தி மார்பை அழுத்திக்கொண்டிருப்பது உறையவைக்கும் அமைப்புகளின் முறை. மரணத்தை அறிவித்த கையோடு அதைச் செய்ய இங்கே எந்த மருத்துவரும் முன்வருவார் என்று தோன்றவில்லை, நானும் செய்யமாட்டேன். தலையைச் சுற்றி ஐஸ் வைப்பதை யாரும் தடுக்க முடியாது. காரைக்குடியில் மீன் வியாபாரத்திற்கு ஐஸ் பார் கிடைப்பதுபோல இதற்கும் கிடைக்கும். உடைத்து, தண்ணீரோடு கலந்து வைத்தால்தான் வேகமாகக் குளிரும். அதைச் சித்தப்பாவே உங்களுக்குச் சொல்லித்தருவார்.

பதில் 3: புதுவயல்காரன்

நான் என் மைத்துனரின் உடலைக் கோலாலம்பூரிலிருந்து கொண்டுவந்தவன். எதிர்த்திசையில் உங்கள் வழி இன்னும் கடினம். இறப்புச் சான்று, காவல்துறைத் தடையில்லாச் சான்று, ரத்துசெய்த பாஸ்போர்ட், பெட்டியை மூடி முத்திரையிட்டதற்கான சான்று, சுங்க அனுமதி இவையெல்லாம் ஓடினால் கிடைத்துவிடும். முட்டுக்கட்டை எம்பாமிங் (உடலைப் பதப்படுத்திய) சான்று. விமான நிறுவனம் அதில்லாமல் பெட்டியைத் தொடாது. எம்பாமிங் என்றால் ஃபார்மலின். சித்தப்பா ஏற்ற விரும்பும் கரைசலும் இதுவும் ஒன்றல்ல.

2016-இல் இலண்டனில் 14 வயதுச் சிறுமி ஒருவரின் உடல் உலர் பனிக்கட்டியில் மிச்சிகன் போயிருக்கிறது. பெற்றோருக்குள் தகராறு வந்து, உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை தாய்க்கே என்று உயர்நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. அங்கே அதற்குத் தன்னார்வக் குழு இருந்தது. உலர் பனிக்கட்டி மைனஸ் 78 பாகை, ஆவியாகிக் கரியமில வாயுவாகிவிடும் என்பதால் விமானச் சரக்கில் அது ஆபத்தான பொருள் பட்டியலில் வருகிறது. ஒரு விமானத்தில் இவ்வளவுதான் என்று அளவு உண்டு. என் அனுபவத்தில், தாள்கள் அனைத்தும் சரியாக இருந்தும், சரக்குப் பிரிவில் ஒரே ஒரு முத்திரை மங்கலாக விழுந்திருந்ததற்காகப் பதினோரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உங்களுக்கு அந்தப் பதினோரு மணி நேரத்தில் பனிக்கட்டி கரைந்துகொண்டிருக்கும். எம்பாமிங்குக்கு விலக்கு தருவார்களா என்று சரக்கு முகவரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். இறந்த அன்று தொலைபேசியில் கேட்டால் இல்லை என்றுதான் வரும்.

பதில் 4: ஆத்தங்குடி ஆச்சி

சட்டம் எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டிய பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர் பிடிவாதக்காரர் அல்லர். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, எதற்காக வந்தோம் என்று ஊர் அவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்திருக்கும். கொள்ளியை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டால் பங்காளிகள் முன் அவர் யார்?

எங்கள் ஐயாவின் அண்ணன் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர், யுத்தத்தில் திரும்பி வரவேயில்லை. உடல் இல்லாமலே தர்ப்பையில் உருவம் செய்து தகனம் செய்து, பதினாறாம் நாள் காரியம்வரை முறையாக நடந்தது. இன்றும் முன்னோருக்கான படைப்பில் அவருக்கு வேட்டி வைக்கிறோம். ஆகவே உடல் போனால் காரியம் போகாது. இதை நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார். சித்தப்பாவே அவரைக் கூப்பிட்டு, "எனக்குக் கொள்ளி நீதான் வைக்க வேண்டும், தர்ப்பைக்கு வை" என்று சொல்லட்டும். ஒன்று மட்டும் எனக்கும் விளங்கவில்லை. கோயில் கணக்கில் தம்பதியர் ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரை; ஆச்சி போனதிலிருந்து அவர் கோயிலில் அரைப்புள்ளி. அங்கே தொட்டியில் தலைகீழாகத்தான் நிறுத்துவார்களாம், என் பேரன் சொல்கிறான். அவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

மறுமொழி: வளவுத் தூண்

அனைவருக்கும் நன்றி. ஆச்சி எழுதியதை அச்செடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். புள்ளிக் கணக்கைப் படித்துவிட்டுப் பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அன்று மாலையே தம்பியை இரண்டாம் கட்டுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்த தம்பி என்னிடம் சம்மதம் என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. "பெட்டி திருச்சியிலிருந்தா, சென்னையிலிருந்தா? எம்பாமிங் இல்லாமல் ஏற்றுவார்களா என்று கேட்டாகிவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். வரும் திங்கட்கிழமை மருத்துவர் வீட்டுக்கு வருகிறார். உறுதிமொழிப் பத்திரத்தின் வரைவை வழக்கறிஞர் ஐயாவுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்; கையெழுத்து இடும் இடத்தில் தம்பியின் பெயரை முதலாவதாகப் போடலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.